மருது ஆசைப்பட்டு வாங்கிய பிஸ்டல்

மருதுவுக்கு ஐம்பத்தாறு வயது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலாக இருந்து மனையாகிப் போன இடத்தில் சொந்த வீடு. மனைவி ராக்கம்மாள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். ஒரே மகன் சித்தார்த்துக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வெளியே இருந்து பார்க்கிறவன், இந்த ஆளுக்கு என்னப்பா குறை என்றுதான் கேட்பான். மருதுவிடமே போய்க் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்த மனுஷன் தன் ஆயுசில் தனக்குப் பிடித்த பொருள் என்று ஒன்றை வாங்கியதே கிடையாது. கையில் காசு இல்லாத காலத்தை விடுங்கள். சம்பளம் கை நிறைய வர ஆரம்பித்த பிறகும், கடைக்குள் நுழைந்தால் அவர் கை தானாகச் சுமாரான சாமானிடம்தான் போகும். காலேஜ் காலத்திலிருந்தே புல்லட் மேல் அப்படி ஒரு ஆசை. வாங்கியது டிவிஎஸ் எக்ஸ்எல். காலனியிலிருந்து ஒரு பையன் புல்லட்டில் தடதடவென்று ஊர்த்தெருவைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நடந்ததைப் பார்த்தும் இருக்கிறார். சரி, அது ஊர். ஒத்தக்கடைக்கு வந்த பிறகாவது? வீடு கட்டும்போது மாடி எடுக்க வசதி இருந்தது. பக்கத்து வீட்டில் மாடி எடுக்கவில்லை என்பதால் இவரும் எடுக்கவில்லை. சுவருக்கு அவருக்குப் பிடித்தது நல்ல நீலம். தெருவே சந்தனக் கலரில் இருக்கிறதென்று சந்தனக் கலரே அடித்தார். மீசையைக்கூட உதட்டுக்கு மேலே கோடு மாதிரி ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

“எதுக்கு அடுத்தவன் கண்ணை உறுத்தணும்?” என்பார். ராக்கம்மாளிடம் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். அவளும் அதே ஊர்க் காலனியில் பிறந்தவள்தான். அதனால் எதிர்த்துப் பேசமாட்டாள்.

இப்படி இருந்தவருக்கு, போன ஆடி மாதம் மகனிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, ஒங்க பொறந்த நாளுக்குக் காசு அனுப்பியிருக்கேன். வீட்டுக்குன்னு எதுவும் வாங்கக் கூடாது. அம்மாவுக்கும் வாங்கக் கூடாது. ஒங்களுக்கு, ஒங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு வாங்குங்க. வாங்கிட்டு எனக்குப் போட்டோ அனுப்பணும், சொல்லிட்டேன்.”

“எனக்கு என்னடா வேணும்? எல்லாந்தான் இருக்கே.”

“இந்தக் கதையெல்லாம் வேணாம்ப்பா. வாங்குங்க.”

மருது யோசித்தார். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசிக்கிற கொடுமையை என்னவென்று சொல்வது? கைக்கடிகாரம் ஓடுகிறது. செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் மத்தியானம், ஆபீசில் சாப்பிட்டு முடித்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. யாரோ ஓர் ஆள் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று, காஸில் வேலை செய்கிற ஒரு ஏர் பிஸ்டலால் வட்டம் போட்ட அட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தான். மருது நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடியோ முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போட்டார்.

காரணம் இருக்கிறது. மதுரையில் மிஷன் காலேஜில் படித்தபோது மருது என்.சி.சி.யில் இருந்தவர். ரைஃபிளோடு மண்ணில் குப்புறப் படுத்துச் சுடச் சொல்வார்கள். அவர் சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும். “இந்தப் பயலுக்கு மூச்சை எங்க நிறுத்தணும்னு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை” என்று ஹவில்தார் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். தன்னை ஒருவர் எல்லாருக்கும் முன்னால் பாராட்டியது மருதுவின் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். காலேஜ் முடிந்தது, பரீட்சை எழுதினார், வேலைக்கு வந்தார், அதோடு சரி. முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கை பேனாவும் கம்ப்யூட்டர் சுட்டியும்தான் பிடித்தது.

அன்றிலிருந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தார். ஸ்பிரிங் வைத்த பிஸ்டல் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்து மடக்க வேண்டும். அவர் தோள்பட்டைக்கு அது ஆகாது. காஸ் என்றால் சோடாப் பாட்டிலுக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்ன சிலிண்டரைக் கைப்பிடிக்குள் வைத்து முடுக்கிவிட்டால் போதும். விசையை அழுத்த அழுத்தச் சுடும். அதிலும் இரண்டு தினுசு. இரும்பு உருண்டை போடுவது ஒன்று, ஈய ரவை போடுவது ஒன்று. இரும்பு உருண்டை சுவரில் பட்டுத் திரும்பி மூஞ்சியிலேயே அடித்தாலும் அடிக்கும், குறியும் அவ்வளவு நேராகப் போகாது. ஈய ரவை போட்ட இடத்தில் போய் அப்பிக்கொள்ளும். ஆகவே காஸ், ஈய ரவை. லைசென்ஸ் வேண்டியதில்லை, ஆதார் நகல் கொடுத்தால் போதும். இதுவரைக்கும் முடிவாகிவிட்டது.

சிக்கல் கடைசியில்தான் வந்தது. அந்த ரகத்தில் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக், பார்த்தால் திருவிழாக் கடைப் பொம்மை என்றுதான் தோன்றும். இன்னொன்று முழுக்க உலோகம், கன்னங்கறுப்பு, நிஜத் துப்பாக்கிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மருதுவுக்கு எது பிடித்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ராக்கம்மாள் விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“துப்பாக்கியா? ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒங்களுக்கு? அதெல்லாம் அவுக வீட்டுல இருக்குற சாமான். நம்ம வீட்டுல இருந்தா, நாளைக்கு எங்கயாச்சும் ஒரு டயர் வெடிச்சாக்கூட நம்ம கதவைத்தேன் வந்து தட்டுவாக.”

“இது துப்பாக்கி இல்லடி. வெளையாட்டுச் சாமான்.”

“வெளையாட்டுச் சாமானுக்கு எதுக்கு இப்படி ராத்திரி பகலா உக்காந்து பாக்குறீக?”

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

‘அவுக வீடு’ என்று ராக்கம்மாள் சொன்னாளே, அப்படி ஒரு வீடு அவர்கள் தெருவிலேயே இருந்தது. இரண்டு வீடு தள்ளி, கண்ணுச்சாமி வீடு. ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி மேலாளர், குடியிருப்போர் சங்கத் தலைவர். அவருடைய அப்பா காலத்தில் ஊரில் லைசென்ஸோடு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? அதை ஒப்படைக்கப் போவதையும் திரும்ப வாங்கி வருவதையும் ஊர்வலம் மாதிரி நடத்துவார்களாம். அப்பா செத்த பிறகு லைசென்ஸ் கண்ணுச்சாமி பெயருக்கு மாறவில்லை. அந்த ஆதங்கம் அவருக்குத் தீரவே இல்லை. காலை நடையில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்தத் துப்பாக்கியில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார்.

கண்ணுச்சாமியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்தால் மருதுவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். ராக்கம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது காரை அனுப்பி வைத்தவர் அவர்தான். தினமும் காலையில் வாசலில் நின்று, “மருது, வாரீகளா?” என்று நடைக்குக் கூப்பிடுவார். வாங்க போங்க என்றுதான் பேசுவார். தப்பித்தவறி எப்போதாவது ஒரு ‘வா’, ‘போ’ நழுவும். மருது அதைக் காதில் வாங்காத மாதிரி நடப்பார்.

அவரிடம் சொல்லாமல் வாங்கினால் சரிவராது என்று மருதுவே வலியப் போய்ச் சொன்னார். எவனிடமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத விஷயம், பார்த்துக்கொள்ளுங்கள்.

“பேஷா வாங்குங்க. யாரு வேணாங்கிறா?” என்றார் கண்ணுச்சாமி. “ஆனா அந்தப் பிளாஸ்டிக்கை வாங்கிக்கங்க. நாலு பேரு பாத்தாலும் ஒண்ணும் தோணாது. அந்தக் கறுப்பெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு? கனமா வேற இருக்கும்.”

“ஆமாண்ணே. நானும் அதைத்தேன் நெனச்சேன்” என்றார் மருது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் கடை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனார். கடைக்காரர் ஒரு பாய். கண்ணாடி மேஜை மேல் துணியை விரித்து இரண்டையும் எடுத்து வைத்தார்.

“காலியாத்தான் சார் இருக்கு. கையில பிடிச்சுப் பாருங்க. பாத்து வாங்குறது வேற, பிடிச்சு வாங்குறது வேற.”

மருது முதலில் பிளாஸ்டிக்கை எடுத்தார். எடையே இல்லை. விசையை இழுத்தால் கரகரவென்று வந்தது, இழுக்கிற இழுப்பில் குழல் முனை ஒரு பக்கமாகத் திரும்பியது. கீழே வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தார். உள்ளங்கையில் அந்தக் கனம் இறங்கி உட்கார்ந்தது. எதிர்ச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக் கையை நீட்டினார். மூச்சு தானாகப் பாதியில் நின்றது. ஆணித் தலை பிஸ்டல் மேலே குறிபார்க்கிற பள்ளத்துக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. விசை வெண்ணெய் மாதிரி இறங்கி ஓரிடத்தில் நறுக்கென்று விட்டது. அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஆகியும் கை மறக்கவில்லையே என்று நெஞ்சு விம்மியது.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். “சார் ஆர்மியா?”

“இல்ல பாய். காலேஜ்ல என்.சி.சி.”

“எதைப் போடட்டும்?”

“அந்தப் பிளாஸ்டிக்கையே போடுங்க.”

பாய் பிளாஸ்டிக்கைப் பெட்டிக்குள் வைத்தார், ரவை டப்பாவை வைத்தார், காஸ் சிலிண்டர் பாக்கெட்டை வைத்தார். மருது பில் போடுகிற மேஜை வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்றபோதுதான் மகன் சொன்னது ஞாபகம் வந்தது. போட்டோ அனுப்ப வேண்டும். பிடித்ததை வாங்கினேன் என்று இந்தப் பொம்மையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

“பாய், ஒரு நிமிசம்” என்றார். குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. “அந்தக் கறுப்பையே குடுத்துருங்க.”

சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வேர்த்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் தனக்குப் பிடித்ததைத் தானே கேட்டு வாங்கினார். எக்ஸ்எல் வண்டியில் அந்தப் பையை முன்னால் வைத்துக்கொண்டு வைகைப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்கிற வரைக்கும் ஒரு காலேஜ் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்.

மொட்டை மாடியில் படிக்கட்டு அறைச் சுவரோரமாக, பழைய மரப்பெட்டி ஒன்றில் களிமண்ணை அடைத்து, அதன் மேல் அட்டையைக் குத்தி வைத்தார். கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். ராக்கம்மாள் மேலே வருவதாக இருந்தால் கீழேயிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டார். முதல் ஞாயிறு கை பழகவில்லை, இரண்டாம் ஞாயிறு பழகிவிட்டது. தொடர்ந்து சுட்டால் காஸ் குளிர்ந்து ரவை தாழப் போகிறது, கொஞ்சம் ஆறவிட்டுச் சுட வேண்டும் என்று தெரிந்துகொண்டார். சுட்டு முடித்ததும் சிலிண்டரைக் கழற்றிவிட வேண்டும், புதுச் சிலிண்டரின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்துபோகும். கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டார். மூன்றாம் ஞாயிறு ஐந்து ரவையும் நடு வட்டத்துக்குள் ஒரே ஓட்டையாக விழுந்தது.

ராக்கம்மாள் காபியோடு வந்து படியில் உட்கார்ந்து பார்ப்பாள். திட்டிக்கொண்டே வந்தவள்தான், பிறகு திட்டுவதை விட்டுவிட்டாள்.

“ஒங்களுக்கு இப்படி ஒரு மூஞ்சி இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க” என்றாள் ஒரு நாள்.

“எப்படி?”

“அதென்னமோ, யாருக்கும் பயப்படாத மூஞ்சி மாதிரி.”

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

‘டப் டப்’ என்கிற சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்காமல் இருக்குமா? நாலாவது ஞாயிறு காலையில் கண்ணுச்சாமி வந்துவிட்டார். சொல்லிக்கொண்டெல்லாம் வரவில்லை, நேராக மாடிக்கு ஏறி வந்தார். பிஸ்டலைப் பார்த்ததும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“கறுப்பையே வாங்கிட்டீக போல.”

“அது ஸ்டாக் இல்லைன்னாகண்ணே. இதுதேன் இருந்துச்சு” என்றார் மருது.

பாருங்கள், எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது! தன் வீட்டு மாடியில், தன் மகன் கொடுத்த காசில் வாங்கிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னார்.

கண்ணுச்சாமி கை நீட்டினார். மருது கொடுத்தார். வாங்கியவர் சினிமா ஹீரோ மாதிரி உடம்பைச் சாய்த்து ஐந்து ரவை சுட்டார். இரண்டு களிமண்ணில் போய்ப் புதைந்தது, இரண்டு அட்டையின் ஓரத்தில். ஒன்று சுவரில் பட்டுக் காரையைப் பெயர்த்தது. அவர் முகம் சிவந்துபோனது.

“பழக்கம் விட்டுப்போச்சு. எங்க அப்பா துப்பாக்கின்னா வேற மாதிரி. சரி, நீங்க சுடுங்க, பாப்போம்.”

மருது வாங்கிக்கொண்டார். அட்டையைப் பார்த்துக் கையை நீட்டினார். நடு வட்டம் கல்லில் செதுக்கிய மாதிரி கண் முன்னால் நின்றது. படியில் ராக்கம்மாள் காபித் தம்ளரோடு நின்றிருந்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. வேண்டாம் என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சாவிட்டாலும் அவர் செய்திருப்பார் என்பதுதான் நிஜம். முனை ஒரு இம்மி விலகியது.

வேண்டுமென்றே தப்பாகச் சுடுவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. அப்பட்டமாக விட்டால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். ஒன்றை ஓரத்து வளையத்தில் வைத்தார், ஒன்றைக் களிமண்ணில் விட்டார், கண்ணுச்சாமியின் ரவைக்கு ஒரு விரல் வெளியே இன்னொன்றை வைத்தார். ஐந்தையும் நினைத்த இடத்தில் கச்சிதமாகத் தப்பவிட்டார். அன்றைக்கு அந்த மாடியில் அதைப் போலக் குறிபார்த்துச் சுட்டவன் உலகத்திலேயே இல்லை.

கண்ணுச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். மருதுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “நல்ல சாமான்தேன் மருது. கை அமையணும்ல? அதெல்லாம் பரம்பரையா வரணும்” என்று சொல்லிக் காபியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

“நல்லவேளை, வேணும்னு விட்டீக” என்றாள் ராக்கம்மாள்.

“பின்ன? எதுக்கு அவரு கண்ணை உறுத்தணும்?”

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் கண்ணுச்சாமி வர ஆரம்பித்தார். மருதுவின் காஸ், மருதுவின் ரவை, மருதுவின் அட்டை. அவருக்குப் போக மிச்சம் இருந்தால் மருது சுடுவார். ஒவ்வொரு தடவையும் அவரைவிட ஒரு மாற்றுக் குறைவாகச் சுடுவார். மற்ற நாளில் தனியாகச் சுட்டுப் பார்க்கலாம் என்றால், சத்தம் கேட்டு “என்ன மருது, என்னைய விட்டுட்டு?” என்று தெருவிலிருந்தே குரல் வரும். ஆடியில் வாங்கிய பொருள், ஐப்பசி வருவதற்குள் பாதி கைவிட்டுப் போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் மீதிப் பாதியும் போனது.

“ஊருல தோட்டத்துக்குப் போறேன் மருது. ரெண்டு நாள் இதை எடுத்துட்டுப் போயிட்டு வாரேன். ஒங்களுக்கும் கை சரியா வர மாட்டேங்குது, சும்மா பெட்டியில தூங்கத்தானே போகுது?” என்றார் கண்ணுச்சாமி.

சரியாகச் சுடுகிறவனிடம் இப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது. கை அமையாதவன் என்று தானே ஞாயிறுதோறும் காட்டிக்கொண்ட ஆளிடம் கேட்கலாம். மருதுவுக்கு அது அந்த நிமிஷமே உறைத்தது. உறைத்து என்ன செய்ய? பெட்டியில் ரவை டப்பாவையும் மிச்சமிருந்த சிலிண்டர்களையும் சேர்த்து வைத்துக் கொடுத்தார். “சுட்டு முடிச்சதும் சிலிண்டரைக் கழட்டிருங்கண்ணே” என்று மட்டும் சொன்னார்.

தீபாவளி போனது, கார்த்திகை போனது. பிஸ்டல் வரவில்லை. காலை நடை மட்டும் நடந்தது. கண்ணுச்சாமி மழையைப் பற்றிப் பேசினார், சங்கத்துக்கு வராத சந்தாவைப் பற்றிப் பேசினார். பிஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருதுவும் வாயைத் திறக்கவில்லை. மரப்பெட்டியில் களிமண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. சித்தார்த் போனில், “ஸ்கோர் எப்படிப்பா போகுது?” என்று கேட்டால், “நல்லா போகுதுடா” என்றார்.

ராக்கம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. முதலில் அதை வாங்கவே வேண்டாம் என்று குதித்தவள் அவள்தான்.

“போய்க் கேளுங்க. நம்ம சாமானை நாம கேக்குறதுக்கு என்ன?”

“கேக்குறேன்டி.”

“எப்பக் கேப்பீக? அந்த மூஞ்சியவே நான் மறந்துட்டேன்” என்றாள்.

அந்த ஒரு சொல்தான் அவரைக் கிளப்பியது. பொங்கல் கழிந்த ஞாயிறு, சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். வாசலிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். பையன் வருகிறான், பார்க்கணும் என்கிறான் என்று சொல்ல வேண்டும். தன் சாமானைக் கேட்கக்கூட அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆனால் வாங்காமல் திரும்புவதில்லை என்று மனசுக்குள் உறுதியாகத்தான் இருந்தார்.

கண்ணுச்சாமி வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் நாலைந்து பேர். திருமங்கலத்துச் சம்பந்தி மலைச்சாமியும் அவர் ஆட்களும். சுவரோரக் கண்ணாடி அலமாரியில், வங்கியில் கொடுத்த கேடயங்களுக்கு நடுவே, கறுப்புப் பிஸ்டல் படுத்திருந்தது.

“வா மருது, வா! நல்ல நேரத்துல வந்த” என்றார் கண்ணுச்சாமி. விருந்தாளிகள் முன்னால் வாங்க போங்க எல்லாம் காணாமல் போயிருந்தது. “இது என்னமோ புஸ்ஸுனு காத்துப் போகுது. என்னன்னு பாரு.”

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருது திறந்து பார்த்தார். சிலிண்டர் உள்ளேயே இருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, ரப்பர் வளையம் காய்ந்து நெளிந்துபோயிருந்தது. பெட்டியில் இருந்த உபரி வளையத்தை எடுத்து மாற்றி, எண்ணெய்ச் சொட்டு வைத்து, புதுச் சிலிண்டரை முடுக்கினார். அதற்கு அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, உட்காராதே என்றும் யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் கொல்லைப்புறம் போனார்கள். மதில் சுவரில் அட்டை மாட்டியிருந்தது. கண்ணுச்சாமி சுட்டார். மூன்று மாதம் ஓயாமல் சுட்டதில் கை கொஞ்சம் தேறியிருந்தது. இரண்டு ரவை உள்வட்டத்தில் விழுந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

“என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சம்பந்தி. பிளாஸ்டிக்ல ஒண்ணு வித்தான். சீச்சீ, அதெல்லாம் பொம்மை, கறுப்பைத்தேன் எடுக்கணும்னு நாந்தேன் சொன்னேன். மருதுதான் போயி வாங்கிட்டு வந்துச்சு.”

மருதுவுக்குக் காது அடைத்துக்கொண்டது. பொருள் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடையில், பில் மேஜை முன்னால், சட்டை நனைய நனைய நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தை அவருடையது. ஆயுசில் அவர் சொந்தமாகச் செய்த ஒரே காரியம். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

“இவரு சுடுவாரா?” என்று கேட்டார் மலைச்சாமி.

“பாவம், ஆசை இருக்கு. கை அமையல. இந்தா மருது, ஒண்ணு ரெண்டு சுட்டுக் காட்டு.”

பிஸ்டல் மருதுவின் கைக்கு வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கனம் உள்ளங்கையில் உட்கார்ந்தது. சுடுகிறேன் என்று நினைத்தார். ஐந்தையும் நடுவில் வைக்கிறேன். வைத்துவிட்டு, இது என்னுது, நான் தேடி எடுத்தது, வாரேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். யார் கண்ணை உறுத்தினாலும் உறுத்தட்டும். இப்படி ஒரு ஆத்திரம் அவருக்கு அதுவரைக்கும் வந்ததே இல்லை.

கையை நீட்டினார். முனை ஆடியது. மூச்சைப் பிடித்தார். மூச்சு நிற்கவில்லை. நெஞ்சு அடிக்கிற அடி தோள் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது. அழுத்தினார். ரவை சுவரில் பட்டுக் காரை தெறித்தது. இரண்டாவது அட்டைக்கு மேலே போனது. கண்ணில் நீர் முட்டி வட்டம் கலங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டு மூன்றாவதைச் சுட்டார். கீழே தாழ்ந்து போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துக் குறிபார்த்து, மிச்சம் இரண்டையும் சுட்டார். ஒன்றுகூட வட்டத்துக்குள் விழவில்லை.

யாரும் கேலி செய்யவில்லை. “பரவாயில்ல, பரவாயில்ல” என்று மலைச்சாமி தன்மையாகத்தான் சொன்னார்.

“நாந்தேன் சொன்னேன்ல” என்ற கண்ணுச்சாமி பிஸ்டலை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். “ஒனக்கு அந்தப் பிளாஸ்டிக்தேன் சரி. இன்னும் கடையில இருக்கும், ஒண்ணு வாங்கிக்க. இது இங்கேயே இருக்கட்டும்.”

“சரிண்ணே. வாரேன்” என்றார் மருது.

வீட்டு வாசலில் ராக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

“கேட்டீகளா?”

“இல்ல. எல்லாரும் இருந்தாக. சுடச் சொன்னாக, சுட்டேன். ஒண்ணும் விழுகல.”

“சரி விடுங்க. அம்புட்டுப் பேரு முன்னால நீங்க விட்டுக் குடுத்ததும் நல்லதுதேன்.”

“விட்டுக் குடுக்கல ராக்கு. இன்னைக்கு நான் நெசமாவே குறிபாத்தேன். விழுகல.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பிரியம்.

“எங்கிட்டயுமா மறைக்கணும்? எனக்குத் தெரியாதா ஒங்க கையைப் பத்தி? நீங்க வேணும்னுதேன் விட்டிருப்பீக.”

மருது கையை அவள் மடியிலிருந்து எடுக்கவில்லை.

“ஆமா” என்றார்.